சிறுத்தைப் பல்லி வளர்ப்பு: தொட்டி அமைப்பதும் வெப்பம் கொடுப்பதும்

தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி 28 டிகிரி காட்டியது. வெளியே டொரன்டோவின் ஜனவரி, மைனஸ் 17. உள்ளே மிளகு சொகுசாக இருக்கிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மிளகு எங்கள் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள் இருப்பதால் மகள் வைத்த பெயர். ஆனால் பத்து நாளாக அவன் எதையும் சாப்பிடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா. “ஏண்டா, இது எப்பப் பார்த்தாலும் அந்தத் தண்ணிக் கிண்ணத்துகிட்டயே கிடக்கு? இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குதே?” என்றார். பல்லி விழும் பலன் பார்த்தே வளர்ந்தவர். பல்லி எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனிப்பது அவருக்கு இயல்பு.

மறுநாள் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவந்து தொட்டியின் தரையில் காட்டினேன். ‘சூடான பக்கம்’ என்று நான் நினைத்திருந்த இடத்தில் 44 டிகிரி! கடையில் மொத்தமாகக் கட்டிக் கொடுத்த தொட்டி செட்டில் அடியில் ஒட்டும் சூட்டுத் தாளான ஹீட் மேட் இருந்தது, சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. வட்ட வெப்பமானி சுவரோரக் காற்றை அளந்துகொண்டிருந்தது. பல்லி படுப்பதோ தரையில்.

ஆகவே வழக்கமான வரிசையில் வாங்காதீர்கள். முதலில் தெர்மோஸ்டாட்டும் வெப்பமானியும், பிறகு தொட்டி. பல்லி எல்லாவற்றுக்கும் கடைசி.

இது எந்த ஊர்ப் பல்லி

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இந்த இனத்தை விவரித்து, யூப்லெஃபாரிஸ் மாகுலாரியஸ் என்ற பெயரின் கீழ் இன்று நாம் அறியும் பல்லியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் கல்லும் காய்ந்த புல்லுமான நிலம் இதன் வீடு. ‘பாலைவனப் பல்லி’ என்று சொன்னதும் மணல்மேடு நினைவுக்கு வரும். அந்த நினைப்பில்தான் பலர் தொட்டி நிறைய மணலைக் கொட்டுகிறார்கள். இது வாழ்வது கெட்டி மண்ணிலும் பாறை இடுக்கிலும்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லியிலிருந்து இரண்டு விஷயங்களில் இது வேறு. இதற்குக் கண்ணிமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். விரலடியில் ஒட்டும் தகடுகள் கிடையாது, நகம்தான் இருக்கிறது. அதனால் கண்ணாடியில் ஏறாது. மூடி இல்லாமல் வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே வைத்த கல்மேல் ஏறி எட்டிப் பார்க்கத் தெரியும். இன்னொன்று, அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம்: இது ‘ச்சு ச்சு’ என்று பலன் சொல்வதில்லை. பயந்தால் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம், அதுவும் பெரும்பாலும் குட்டிகள்தான்.

பகலில் இது பாறை இடுக்கில் இருக்கும். மாலை மங்கியதும் வெளியே வந்து, வெயிலில் காய்ந்த கல்லின் சூட்டை வயிற்றில் வாங்கிக்கொண்டு இரை தேடும். அதிகாலையில் சற்று வெளிச்சத்தில் உடம்பைக் காட்டும். தன் உடம்புக்குத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ள இதனால் முடியாது. நாம் குளிரில் சாப்பிட்டாலும் செரித்துவிடும். பல்லி குளிரில் சாப்பிட்டால் இரை வயிற்றிலேயே கெட்டுப்போகும், அல்லது வாந்தியாக வெளியே வரும். நோயை எதிர்க்கும் சக்தியும் அந்தச் சூட்டில்தான் இயங்குகிறது. முட்டைக்குள் இருக்கும்போதும் இதே கதை: சுமார் 26 டிகிரியில் அடைகாத்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், 32ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண். ஆணா பெண்ணா என்பதையே சூடு தீர்மானிக்கும் பிராணி இது.

தொட்டி

வளர்ந்த பல்லி மூக்கிலிருந்து வால் நுனிவரை 18 முதல் 25 செ.மீ. இருக்கும். ஒரு பல்லிக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டி நல்ல அளவு. 76 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட, இங்கே ‘20 கேலன் லாங்’ என்று விற்கும் தொட்டியைக் குறைந்தபட்சமாகச் சொல்வார்கள். குட்டிக்கு அது தாராளம். வளர்ந்ததற்கு இறுக்கம் என்பது என் கணக்கு.

நீளம் ஏன் முக்கியம்? ஒரு மூலை சூடாகவும் எதிர்மூலை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சின்னத் தொட்டியில் ஒரு பக்கம் விளக்குப் போட்டால் முழுத் தொட்டியும் சூடாகிவிடும், பல்லிக்குத் தப்பிக்க இடமிராது. வெப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பல்லியுடையது. நம் வேலை இரண்டு முனைகளைக் கொடுப்பது.

முன்பக்கம் கதவு திறக்கும் தொட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். மேலிருந்து வரும் கை பல்லிக்குப் பருந்தின் நிழல் போல. பக்கவாட்டில் வரும் கைக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

தொட்டியை எங்கே வைப்பது என்று பலர் யோசிப்பதில்லை. ஜன்னலோரம் வேண்டாம். கோடையில் நேர்வெயில் பட்டால் கண்ணாடித் தொட்டி அரைமணி நேரத்தில் அடுப்பாகும். குளிர்காலத்தில் அதே ஜன்னல் பனியை உள்ளே இழுக்கும். வீட்டுச் சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு மேலும் வேண்டாம். பேஸ்மென்டில் வைப்பதென்றால் அங்கே இரவில் எத்தனை டிகிரி என்று முதலில் அளந்து பாருங்கள்.

ஒரு தொட்டிக்கு ஒரு பல்லிதான். இரண்டு ஆண்கள் இரத்தம் வர அடித்துக்கொள்ளும். இரண்டு பெண்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்’ என்று படம் பிடிக்கிறோம். அங்கே நடப்பது சூடான இடத்துக்கான போட்டி. கீழே கிடப்பது மெல்ல மெல்ல இளைத்துப்போகும்.

வெப்பம்

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். சூடான பக்கத்துப் பொந்துக்குள், அதாவது பல்லி ஒளிந்துகொள்ள நாம் வைக்கும் மறைவிடத்துக்குள், தரை 32 அல்லது 33 டிகிரி செல்சியஸ். விளக்குக்கு நேர் கீழே ஒரு தட்டைக்கல் வைத்தால் அதன் மேற்பரப்பு 34 முதல் 36. குளிர்ந்த பக்கம் 21 முதல் 25. இவை எல்லாம் பல்லி படுக்கும் பரப்பின் வெப்பம், காற்றின் வெப்பம் இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிடலாம். அறை 20 டிகிரிக்குக் கீழே போகாத வீட்டில் ஆரோக்கியமான பல்லிக்கு இரவுச் சூடு தேவையில்லை. காட்டிலும் இரவு குளிரத்தான் செய்கிறது.

எதைக்கொண்டு சூடாக்குவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. பல ஆண்டுகள் எல்லாரும் சொன்னது ஹீட் மேட். தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற தட்டையான தாள். பல்லியின் வயிற்றுக்கு நேரடியாகச் சூடு தரும். மின்சாரச் செலவு குறைவு. குறை என்னவென்றால் அதன் சூடு மேலே வராது, காற்றைச் சூடாக்காது. அறை 17 டிகிரியாக இருந்தால் தொட்டியும் 17தான், ஒரு மூலையில் மட்டும் சுடுகல்.

இப்போது அதிகம் பேர் போவது தலைக்கு மேல் ஹாலஜன் பல்பு. வெயில் போலவே இது அகச்சிவப்புக் கதிரின் குறுகிய அலைகளைத் தருகிறது. அவை தோலைத் தாண்டித் தசைக்குள் இறங்கும். கல்லும் சூடேறும், விளக்கை அணைத்த பிறகும் அந்தக் கல் சற்று நேரம் சூட்டை வைத்திருக்கும். மாலையில் மிளகு அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுப்பதைப் பார்த்தபோது எனக்குத் திண்ணையில் படுத்த தாத்தா நினைவு வந்தது. 45 செ.மீ. உயரத் தொட்டிக்கு 50 வாட்டில் தொடங்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் அடுத்த அளவுக்குப் போகலாம்.

இரவில் வெளிச்சம் இல்லாமல் சூடு வேண்டும் என்றால் செராமிக் ஹீட்டர் இருக்கிறது, டீப் ஹீட் புரொஜெக்டர் இருக்கிறது. சிவப்பு பல்பு, நீல பல்பு வேண்டவே வேண்டாம். ‘பல்லிக்குச் சிவப்பு தெரியாது’ என்பது பெட்டியில் அச்சிட்ட கதை. வெளிச்சம் அதற்குத் தெரியும், தூக்கமும் கெடும். சூடாகும் செயற்கைக் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதன் பக்கமே போகாதீர்கள். ஒரே புள்ளியில் கொதிக்கும், வயிறு வெந்துபோகும்.

என் வீட்டில் பகலில் ஹாலஜன், அறை குளிரும் ஜனவரி பிப்ரவரி இரவுகளில் சூட்டுப் பொந்துக்கு அடியில் மேட். இரண்டும் தனித்தனித் தெர்மோஸ்டாட்டில்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எதையும் பிளக்கில் செருகாதீர்கள். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். ஹாலஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைதான் வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க அணைந்து அணைந்து எரியும், பல்பும் சீக்கிரம் போகும். செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பல்ஸ் வகை. வாங்கும்போது அது எத்தனை வாட் தாங்கும் என்று பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மேட் தொட்டிக்கு வெளியே, அடியில் ஒட்டியிருக்கும். சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி வரும்போது சூடு கொஞ்சம் குறையும். ஆகவே உள்ளே பொந்தின் தரை 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டில் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். அது 36 என்று காட்டலாம், 38 என்றும் காட்டலாம், பரவாயில்லை. உள்ளே என்ன அளவு என்பதுதான் கணக்கு. சென்சாரைத் தொட்டிக்குள் சும்மா போட்டுவைத்தால் ஒருநாள் பல்லி அதைக் குளிர்ந்த பக்கம் இழுத்துப்போட்டுவிடும். ‘இன்னும் சூடாகவில்லையே’ என்று தெர்மோஸ்டாட் மேலும் மேலும் சூடாக்கும். உள்ளே ஒட்டியே ஆக வேண்டும் என்றால் டேப் கூடாது, அது பல்லியின் தோலில் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் கூடவே வரும். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிக் காயவிடுங்கள்.

மேட் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தொட்டியின் நான்கு மூலையிலும் ரப்பர்க் கால் வைத்து, அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். காற்றுப் போகாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். பல்புக்குச் செராமிக் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகும். விளக்கைத் தொட்டிக்குள்ளேயே மாட்டினால் சுற்றிலும் கம்பிக்கூடு போடுங்கள்.

அளப்பதற்கு இரண்டு கருவிகள். ஒன்று, கம்பி நீண்ட டிஜிட்டல் வெப்பமானி, பொந்துக்குள்ளேயே எப்போதும் இருக்கட்டும். இன்னொன்று அகச்சிவப்புத் துப்பாக்கி. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது ஆகாது. அது மனித உடல் சூட்டை அளக்கச் செய்தது. சமையலுக்கோ பட்டறை வேலைக்கோ விற்கும் வகையை வாங்குங்கள். அந்த வட்ட ஸ்டிக்கர் வெப்பமானி வந்தால் குப்பையில் போடுங்கள்.

தரை

முதல் மூன்று மாதம் பேப்பர் டவல். அழகாக இருக்காது, ஆனால் மலம் எப்படி இருக்கிறது, சாப்பிட்டது செரித்ததா என்றெல்லாம் அதில்தான் தெரியும். புதிதாக வந்த பல்லியைப் பற்றி அந்தத் தாள் சொல்லும் செய்தி அதிகம்.

பிறகு ஸ்லேட் ஓடு போடலாம். வீட்டுத் தரைக்கு விற்கும் சொரசொரப்பான ஓட்டை அளவுக்கு வெட்டி வாங்கினால் போதும். சூட்டை நன்றாக வாங்கும், துடைப்பது சுலபம், நகமும் தேயும். ஆரோக்கியமான வளர்ந்த பல்லிக்கு உரம் கலக்காத தோட்ட மண்ணில் ஏழு பங்கும் மணலில் மூன்று பங்கும் கலந்து, நனைத்து, கெட்டியாக அமுக்கிக் காயவிட்டால் அது தோண்டி மகிழும். அந்த மண் கனமாக இருந்தால் அடியிலிருக்கும் மேட்டின் சூடு மேலே வராது, அப்போது தலைக்கு மேல் விளக்கு கட்டாயம்.

‘கால்சியம் மணல்’ என்று வண்ண வண்ணமாக விற்பதை வாங்காதீர்கள். கால்சியம் பற்றாத பல்லி அதை நக்கித் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும்.

மூன்று பொந்து

சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பொந்து ஒன்று. பொந்து என்றால் பல்லி நுழைந்ததும் முதுகும் விலாவும் உரசும் அளவுக்கு நெருக்கமாக, ஒரே வாசலுடன் இருக்க வேண்டும். சூட்டுப் பக்கம் மட்டும் பொந்து வைத்தால், பயந்த பல்லி வெந்தாலும் வெளியே வராது. பாதுகாப்பா குளிர்ச்சியா என்று அதைத் தேர்ந்தெடுக்க வைக்காதீர்கள்.

ஈரப் பொந்துக்கு ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கத்தில் வட்டமாக ஓட்டை போட்டு விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்து, உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து வையுங்கள். ஈரமாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கனடாக் குளிர்காலத்தில் இந்த டப்பாவின் அருமை தெரியும். தொட்டியின் காற்றில் 30 முதல் 40 சதவீதம் ஈரப்பதம் போதும். ஆனால் ஹீட்டர் ஓடும் வீட்டில் அது 20 சதவீதம்வரை இறங்கிவிடும், நம் உதடே வெடிக்கும். பல்லி சட்டை உரிக்கும்போது ஈரம் இல்லாவிட்டால் விரல் நுனியில் தோல் மோதிரம் போலச் சுற்றிக்கொள்ளும். அது காய்ந்து இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரலே விழுந்துவிடும். ஒவ்வொரு முறை சட்டை உரித்த மறுநாளும் இருபது விரலையும் எண்ணிப் பாருங்கள். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், எங்கே காணோம் என்று தேட வேண்டாம். ஏதாவது விரலில் ஒட்டியிருந்தால், கால் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் விட்டு, பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டி எடுங்கள். இழுக்கக் கூடாது.

வெளிச்சம்

பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம். டைமர் ஒன்று போட்டுவிட்டால் மறந்துவிடலாம்.

யுவிபி (வெயிலில் உள்ள ஒரு வகைப் புறஊதாக் கதிர்) விளக்கு இல்லாமலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள், வைட்டமின் டி3 தூளை நம்பி. ஆனால் அந்தி நேரப் பிராணிக்கும் கொஞ்சம் யுவிபி நல்லது என்ற பக்கத்தில் நான் இருக்கிறேன். ஊர்வன வெயிலில் பெறும் புறஊதா அளவைக்கொண்டு கெரி ஃபெர்குசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2010இல் வகுத்த நான்கு மண்டலங்களில் சிறுத்தைப் பல்லியை முதல் மண்டலத்தில் வைக்கிறார்கள். சராசரி யுவி குறியீடு 0.7க்குள். அதாவது நிழலில் வாழும் விலங்குக்குரிய மெல்லிய விளக்கு, பாலைவன ஓணானுக்குரியது இல்லை. விளக்குக்கும் பல்லிக்கும் நடுவில் கண்ணாடி இருந்தால் யுவிபி வராது, கம்பிவலையும் ஒரு பங்கைத் தின்றுவிடும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி குறைந்துபோகும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். அல்பினோ வகைக்குக் கண் கூசும். அதற்கு நிழல் அதிகம் வேண்டும்.

ஒரு வாரம் வெறும் தொட்டி

எல்லாவற்றையும் மாட்டியபின் பல்லி இல்லாமல் ஏழு நாள் ஓட்டுங்கள். காலை, மதியம், விளக்கு அணையும் நேரம், விடியற்காலை என்று நான்கு வேளை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நாள் சரியாக இருந்தது நான்காம் நாள் இரவில் சறுக்கலாம். வீட்டுச் சூட்டை இரவில் குறைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் வழக்கம்போலச் செய்து பாருங்கள். எண்கள் ஒரு வாரம் நின்றால் பல்லி வாங்கக் கிளம்பலாம்.

பல்லியைத் தேர்ந்தெடுப்பது

வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேர்த்துவைக்கும் கிடங்கு அதுதான். வால் கழுத்தைவிடப் பருமனாக இருந்தால் நல்லது. குச்சிபோல இருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கண் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கிறதா, விரல் எல்லாம் இருக்கிறதா, நடக்கும்போது வயிறு தரையில் உரசாமல் தூக்கி நடக்கிறதா என்று பாருங்கள். நூல்கோல் மாதிரி உருண்ட வால் என்றால் ஒருமுறை வாலை உதிர்த்து மீண்டும் முளைத்தது, அது குறை இல்லை.

நிறத்துக்காக இனவிருத்தி செய்த வகைகள் ஏராளம். ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற பளிச்சென்ற வகையை மட்டும் தவிருங்கள். அந்த நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றமே தோலில் கட்டிகளையும் உண்டாக்குகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மரபணு உள்ளவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் கட்டி வருகிறது. ‘எனிக்மா’ வகைக்குத் தலைசுற்றும் நரம்புக் கோளாறு உண்டு.

சிங்கப்பூரில் இதை வளர்க்க அனுமதி இல்லை. இந்தியாவில் இதன் உறவினங்கள் காட்டில் வாழ்கின்றன. யாராவது பிடித்துவந்து விற்றால் நீங்களும் சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள். வனத்துறையிடம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நன்றாகப் பராமரித்தால் 15, 20 ஆண்டு வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளை கல்லூரிக்குப் போனபிறகு பூச்சி போடப்போவது நீங்கள்தான்.

சாப்பாடு

இது காய்கறி தின்னாது. உயிருள்ள பூச்சிதான் வேண்டும்: கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு. அம்மா கரப்பான் டப்பாவைப் பார்த்த அன்று சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு விழுந்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம். பூச்சியின் நீளம் பல்லியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு மேல் போகாமல் இருந்தால் பாதுகாப்பு. குட்டிக்கு தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. விளக்கு அணையும் நேரத்தை ஒட்டிக் கொடுங்கள். தின்றபின் சூட்டுப் பொந்து சூடாக இருக்க வேண்டும். மெழுகுப்புழு கொழுப்புக் கட்டி, எப்போதாவது மட்டும். மின்மினிப் பூச்சி பல்லிக்கு விஷம், ஒன்றே உயிரை எடுக்கலாம். தோட்டத்தில் பிடித்த எதையும் போடாதீர்கள்.

பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் போதாத பல்லி தன் எலும்பிலிருந்தே அதை உருவும். கால் வளையும், தாடை ரப்பர் போலாகும். அதனால் பூச்சிகளுக்கு முந்தின நாள் கேரட், கீரை கொடுத்து வயிற்றை நிரப்பி, போடும்முன் கால்சியத் தூளில் புரட்டுங்கள். யுவிபி விளக்கு இல்லாத தொட்டியில் டி3 கலந்த தூள், விளக்கு இருந்தால் பெரும்பாலும் டி3 இல்லாதது. அப்புறம், ஆழமில்லாத கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர்.

தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவு முழுக்கத் தொட்டியில் விடாதீர்கள், தூங்கும் பல்லியை அது கடிக்கும்.

கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமான பல்லியின் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பல்லி வளர்ப்பதைத் தள்ளிப்போடச் சொல்வேன். தொட்டியின் கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

சாப்பிட மறுத்தால்

முதலில் தரையை அளங்கள். மிளகின் கதை அதுதான். 44 டிகிரித் தரைக்கு அஞ்சி அவன் குளிர்ந்த மூலையிலேயே கிடந்தான். அங்கே 21. அந்தச் சூட்டில் செரிக்காது என்று உடம்புக்குத் தெரிந்து வாயை மூடிக்கொண்டான். தெர்மோஸ்டாட் மாட்டித் தரையை 32க்குக் கொண்டுவந்த நான்காம் நாள் முதல் கிரிக்கெட்டைப் பிடித்தான். வயிற்றில் லேசான சிவப்பு இருந்தது, இரண்டு சட்டை உரித்தபின் மறைந்தது. எங்கள் அதிர்ஷ்டம்.

வெப்பம் சரி என்றால் எடையைப் பாருங்கள். ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். ஆண் பல்லி வசந்த காலத்தில் பெண்ணைத் தேடும் நினைப்பில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், எடை இறங்காது, கவலை வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வால் மட்டும் வேகமாக மெலிந்து, மலம் தண்ணீராக நாறினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மலத்தை பிசிஆர் பரிசோதனைக்குக் கேளுங்கள், வேறு பல்லி இருந்தால் உடனே பிரித்துவையுங்கள். மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது: தொட்டி குளிர்ந்து ஈரமாக இருந்ததன் விளைவு, இதற்கும் மருத்துவர்தான். கால் நடுங்கினால் காத்திருக்கவே கூடாது.

கரண்ட் போனால்

2013 டிசம்பரில் டொரன்டோவில் பனிமழை பெய்து, கம்பியெல்லாம் பனிக்கட்டி கட்டி அறுந்து, சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. பலருக்குக் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. அப்போது என்னிடம் பல்லி இல்லை. ஆனால் மூன்றாம் நாள் எங்கள் கூடத்தில் 9 டிகிரி இருந்தது நினைவிருக்கிறது. மிளகு வந்ததும் முதலில் ஒரு பை தயார் செய்தேன்: மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி, அதற்குள் போகும் சின்ன டப்பா, கைக்குட்டைத் துணி, குலுக்கினால் சூடாகும் கைவெப்பப் பொட்டலங்கள் பத்து, பேட்டரியில் ஓடும் வெப்பமானி.

கரண்ட் போனால் முதல் சில மணி நேரம் ஒன்றும் செய்ய வேண்டாம். தொட்டிமேல் கம்பளி போர்த்துங்கள், காற்றுப் போக ஓரத்தில் இடைவெளி விடுங்கள். 18, 20 டிகிரியில் வளர்ந்த பல்லி இரண்டு மூன்று நாள் தாங்கும். உணவு மட்டும் கொடுக்கக் கூடாது. அறை அதற்கும் கீழே இறங்கினால் பல்லியைத் துணி விரித்த சின்ன டப்பாவில் போட்டு, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். கைவெப்பப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி டப்பாவுக்கு வெளியே, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். அது காற்றை எடுத்துத்தான் சூடாகிறது, ஆகவே பெட்டி மூடியில் ஓட்டை இருக்கட்டும். சுடுதண்ணீர் பாட்டிலும் இதே வேலையைச் செய்யும். உள்ளே 25ஐ ஒட்டி நின்றால் போதும், 32 வரைக்கும் முயல வேண்டாம்.

மின்சாரம் வந்ததும் நேராக ஹாலஜனுக்குக் கீழே கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியை முதலில் சூடேற்றி, பல்லியைக் குளிர்ந்த பக்கத்துப் பொந்தில் விட்டுவிடுங்கள். அதுவாக நடந்து சூட்டுக்குப் போகும். முழுதாக ஒரு நாள் சூட்டில் இருந்தபின், தண்ணீர் குடித்துவிட்டது என்று தெரிந்தபின், ஒரே ஒரு சின்னப் பூச்சி.